ஏழாம் பீப்பா

லண்டன்
12.01.1997

இல்லை அக்கா, அது சுடாது. பெரிய சத்தமும் இல்லை. ஒரு பெரிய கண் ஆளைச் சுற்றி அரைவட்டம் போகிறது. அவ்வளவுதான்.

கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது. முதலில் சுகம் கேட்க வேண்டும். கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்? நெஞ்சு நோ இன்னும் வருகிறதா? பழுகாமத்தில் மழை விட்டதா? நான் சுகம். குளிர்தான். விரல்கள் வேறு யாருடையவோ போல இருக்கின்றன.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நெஞ்சை எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதி ஆறாம் மாடியில். காலை ஐந்து மணிக்கு எல்லா விளக்கும் அணைந்திருக்கும். கமரா மட்டும் ஒரு பச்சைப் புள்ளியோடு விழித்திருக்கும். அதன் முன் நிற்கும்போது, பேச ஆளே இல்லாத போதும், நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

ஆளை முதலில் ஓடும் பட்டியில் நடக்க விடுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அது வேகம் கூடும், ஏற்றமாகும். நெஞ்சு பிடிக்கும் நேரம் பார்த்து ஒரு ஊசி. அதில் கதிர் மருந்து. இரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். பிறகு கமராவின் கீழ் படுக்க வைக்கிறார்கள். வெளியிலிருந்து வெளிச்சம் போடுவதில்லை, அக்கா. இருதயம் உள்ளிருந்து தானே ஒளிவிடுகிறது. ஒரு வளையம் போல.

இரத்தம் போகாத இடம் இருட்டு.

நாலு மணி நேரம் ஆளைச் சும்மா இருத்தி வைத்து மறுபடியும் எடுக்கிறார்கள். இருட்டு அப்படியே கிடந்தால் அந்தத் தசை செத்துவிட்டது. இருட்டு நிரம்பியிருந்தால் உயிரோடு இருக்கிறது. தாகத்தோடு.

முதல்முறை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்களுக்கு எங்கே, எப்போது பிடிக்கிறது? சரியாக எழுதுங்கள்.

தங்கச்சி
புஸ்பம்


பழுகாமம்
09.02.1997

அன்புள்ள புஸ்பம்,

உன் கடிதம் இருபத்து மூன்று நாளில் வந்தது. காத்தான்குடியில் றபீக்காவின் விலாசத்துக்குப் போட்டதால் வந்தது. எங்கள் கரைக்கு நேரே போட்டிருந்தால் இன்னும் எங்காவது கிடக்கும். றபீக்கா பயிற்சிக் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இன்றைக்கும் என் கடிதங்களைக் காவல் காக்கிறாள். உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். நல்லது. அவர்களும் இருதயத்தைப் பற்றி அறிந்திருப்பார்கள்.

நான் நலம். நீ தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வெளியே போ.

சரியாகக் கேட்டாய். சரியாகச் சொல்கிறேன். வள்ளத்தால் ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரையில் இறங்கினால் ஆமியின் சோதனைக் கொட்டில் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஏறி ஓட விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி. இடது பக்கத்தில் மண் நிரப்பிய தார்ப் பீப்பாக்கள். வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டிருக்கிறது, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. கொஞ்சம் ஏற்றம். எனக்கு ஏழாம் பீப்பாவில் பிடிக்கிறது. நடு நெஞ்சில், ஈரச் சீலையை முறுக்குவது போல. நின்றால் விட்டுவிடும். ஐந்து மாதமாக ஏழுதான். ஆறும் இல்லை, எட்டும் இல்லை.

வகுப்பில் நிற்கும்போது வருவதில்லை. சமைக்கும்போது வருவதில்லை.

மட்டக்களப்புக்கு மாதம் ஒருமுறை வரும் பெரிய டொக்டர் பார்த்தார். "இது கெதியில ஆளக் கொல்லுற வருத்தமில்ல ரீச்சர். ஆனாப் பாக்கவேணும்" என்றார். காலையில் போட ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்திருக்கிறார். எந்தப் பரிசோதனை நல்லது என்று நீ சொல். இங்கே வரிசை நீளம். விளக்கிச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

இன்னொன்று. நாலு மணி நேரம் காத்திருந்தால், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைப் பலமுறை வாசித்தேன். உன் அத்தானைச் சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போய் வருகிற செப்டெம்பரில் ஏழு வருடம்.

அக்கா
அன்னப்பூரணி


லண்டன்
02.03.1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் இருக்கிறேன்.

ஏழாம் பீப்பா. அந்தச் சொல்லோடு இரண்டு நாள் வேலைக்குப் போய்வந்தேன். இங்கே ஒரு இயந்திரம் செய்வதை அங்கே ஒரு சோதனைச்சாவடி செய்கிறது. ஏற்றம். சுமை. இலக்கம்.

எது நல்லது என்று கேட்டீர்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு வழி. ஒன்று, தொடையடியில் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு இருதயம் வரை கொண்டுபோய், மருந்து செலுத்திப் படம் எடுப்பது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் எல்லாம் இலை உதிர்ந்த கிளைகள் போலத் தெரியும். எங்கே ஒடுங்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் உடம்புக்குள் போகிற வேலை. அரிதாக ஆபத்து வரும். மற்றது, நான் எழுதிய கமரா. அது நாளத்தைக் காட்டாது. தசை குடிக்கிறதா என்று மட்டும் காட்டும்.

இங்கே ஒரு ஆய்வு நடக்கிறது. உங்களைப் போல நடந்தால் பிடித்து, நின்றால் விடுகிற நோவோடு வருகிறவர்கள்தான் எல்லோரும். சம்மதிக்கிறவருக்கு ஒரு ஒட்டிய உறை. உள்ளே குழாய் என்றிருக்கும், அல்லது கமரா என்றிருக்கும். யாரும் தெரிவு செய்வதில்லை. உறை திறக்கும் வரை பெரிய டொக்டருக்கும் தெரியாது. பிறகு ஐந்து வருடம் ஒவ்வொருவரையும் பின்தொடர்வார்கள். யார் இருக்கிறார். யார் இல்லை. யாருக்கு நோ குறைந்தது.

அக்கா, சுவர் முழுக்கப் பட்டங்கள் தொங்குகிற ஒரு அறையில், எங்களுக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தெரியாது என்பதை இவ்வளவு கவனமாக வைத்துக் காக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்திலும் இல்லை. நம்முடைய ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், இல்லையா. எந்தப் பக்கம் சரி, யார் துரோகி, யார் எங்கே போனார்.

அந்த உறைகள் ஒரு பெட்டிக்குள் நிற்கின்றன. விளிம்புகள் மட்டும் தெரியும். தொடுவதில்லை.

புஸ்பம்


பழுகாமம்
30.03.1997

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் ஒருவாறு சுகம். அறுவடை முடிந்தது. ஆற்றங்கரை வயல் வட்டை முழுக்க அரிந்த ஒட்டு மட்டும் நிற்கிறது. கொக்குகள் வந்துவிட்டன.

உன் இரண்டு வழியையும் நம்முடைய வயலில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை வாய்க்கால் கட்டில் நடந்து வந்து, தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். பொய்யில்லை, வருகிறது. ஆனால் கடைசி வயலில் பயிர் மஞ்சளாக நிற்கும். அதுவும் பொய்யில்லை. வேறு சில இடத்தில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும், பயிரைப் பார்த்தால் பச்சை. எங்கிருந்தோ கசிந்து போயிருக்கும்.

ஆகவே ஒரு கேள்வி. வாய்க்காலைப் பார்த்தவர் வெட்டச் சொல்வார். பயிரைப் பார்த்தவர் பொறுக்கச் சொல்வார். கடைசியில் யாருடைய வயல் விளைந்தது? உன் டொக்டர்மாரிடம் கேட்டு எழுது.

பெரிய டொக்டர் மறுபடி வந்தார். கொழும்பில் குழாய் வைத்துப் பார்க்கலாம், மலைநாட்டில் ஒரு இடத்தில் கமரா இருக்கிறது, அதிலும் பார்க்கலாம் என்றார். "ரீச்சர், உங்கட நோ ஒரே இடத்தில நிக்குது. அவசரமில்ல. கமராவில பாத்துட்டு வேணுமெண்டாக் குழாய்க்குப் போவம்." நானும் கமரா என்றேன். நீ அதன் பக்கத்தில் நிற்கிறாய். அதனால்தான்.

மே 22ஆம் திகதி. போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏழு.

அக்கா


லண்டன்
20.04.1997

அக்கா,

உங்கள் வாய்க்கால் கேள்விக்கு இன்னும் மறுமொழி இல்லை. ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் உறைகள்.

திகதி கிடைத்தது பெரிய சந்தோசம். இங்கே வருகிறவர்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து அந்தச் சின்ன வெள்ளைக் குளிசையை நிறுத்த வேண்டும். அது இருதயத்தை மெதுவாக்கும். மெதுவாக நடக்கும் இருதயம் தன் குறையைக் காட்டாது. அன்று காலையில் தேநீர் வேண்டாம். தளர்ந்த உடுப்பு. கால் வழுக்காத செருப்பு. பயப்பட ஒன்றுமில்லை.

இன்று ஒரு அம்மா வந்தார். உங்கள் வயது, உங்கள் உயரம். பட்டியில் நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்த விதமும் நீங்கள் சைக்கிளைப் பிடிக்கும் விதம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். திரையில் அவருடைய இருதயம் மெல்ல மெல்லச் சேர்ந்து வந்தது. புள்ளி புள்ளியாக, மழை தொடங்கும்போது மண்ணில் விழுவது போல. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு விளிம்பு. பிறகு ஒரு ஆள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எப்படி என்று உடனே எழுதுங்கள்.

புஸ்பம்


பழுகாமம்
25.05.1997

அன்புள்ள புஸ்பம்,

நீ சுகமென்று நம்புகிறேன். நீ எழுதியபடியே செய்தேன். இருபதாம் திகதியிலிருந்து குளிசையை நிறுத்தினேன். புதுச் செருப்பும் வாங்கினேன். இருபத்தோராம் திகதி மலைநாட்டுப் பாதையை மூடிவிட்டார்கள். கரடியனாற்றுப் பக்கம் சண்டை. விடிய விடிய ஷெல்.

மலைநாட்டுக்குத் தகவல் அனுப்பியாயிற்று. எப்போது வந்தாலும் எடுத்துத் தருவார்களாம். போக ஆமியின் பாஸ் மட்டும் வேண்டும். பாஸ் எழுதும் இடத்தில், "நாளைக்கு வாங்க ரீச்சர்" என்கிறார்கள். நாளைக்குப் போனால் நாளைக்கு.

ஐந்தாம் பீப்பா. வெயிலாக இருக்கும்.

அக்கா


பழுகாமம்
12.06.1997

புஸ்பம்,

சுகம். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உன் ஓடும் பட்டியைப் பற்றிச் சொன்னேன். "நடந்தும் ஒரு இடத்துக்கும் போகாதா ரீச்சர்?" என்று கேட்டு ஒரே சிரிப்பு.

நாளைக்குப் பாஸ் வரும் என்றார்கள்.

மூன்று.

அக்கா


காத்தான்குடி
15.06.1997

அன்புத் தங்கச்சி புஸ்பத்துக்கு,

இறைவன் உதவியால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன். இதனோடு உங்கள் அக்காவின் கடிதமும் வரும். நான் எழுதப்போவதை அவள் எழுதியிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை கல்விக் கந்தோரில் கூட்டம். நேரத்துக்கு வருகிறவள் வரவில்லை. துறைக்குப் போனேன். கொட்டிலுக்கு அப்பால் போக எனக்கு அனுமதியில்லை. மூன்றாம் பீப்பாவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறாள். சென்றியில் நின்ற ஆமிக்காரர் தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, "வாடிவென்ன ரீச்சர்" என்று சைகையால் இருக்கச் சொன்னார். ஆமிக்காரர் கதிரை கொடுத்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிவந்து கேட்டேன்.

"என்னகா இது, முகமெல்லாம் சாம்பலாக் கிடக்கு?"

"வெயில்."

"வெயில் எனக்கும்தான் அடிக்குது. குளிசை போட்டயா?"

"நிப்பாட்டியிரிக்கன். சோதினைக்கு ரெண்டு நாளைக்கு முன்ன நிப்பாட்டவேணும்."

"சோதினை எப்ப?"

"பாஸ் வந்தா அடுத்த நாள்."

"பாஸ் எப்ப?"

"நாளைக்கு எண்டாங்க."

"இருவத்திமூணு நாளா ஒனக்கு நாளைக்குத்தான்! அதுவரைக்கும் போடன்கா."

"இண்டைக்குப் போட்டு, நாளைக்குப் பாஸ் வந்தா? எல்லாம் பிழையாப் போயிரும். திரும்ப எப்ப பாதை திறக்குமோ? என்ட தங்கச்சி அந்தக் கமராவில வேல செய்யிறவள். அவள் சொன்னாச் சரிதான்."

எனக்கு மருத்துவம் தெரியாது. ஏழு ஐந்தாகி, ஐந்து மூன்றாகியிருக்கிறது. கழித்தல் தெரியும். என் சொல் எடுபடாது. உங்கள் சொல் எடுபடும்.

றபீக்கா


தந்தி
லண்டன், 27.06.1997

அக்கா குளிசையை இன்றே தொடங்கட்டும். பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். டொக்டர் சொன்னது. படுத்திருக்கும்போது நோ வந்தால் உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. புஸ்பம்.


லண்டன்
28.06.1997

அக்கா,

சுகம் கேட்க இன்றைக்குத் துணிவில்லை.

நான் கமராவில் வேலை செய்யவில்லை. அந்த அறையின் நிலத்தைத் துடைக்கிறேன். காலை ஐந்திலிருந்து எட்டு வரை. பிறகு நோயாளிகளின் தள்ளுவண்டி. பௌதிகப் பட்டத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. நீங்கள் என்னைப் படிப்பித்தீர்கள். உங்கள் பங்கு வயலை ஈடு வைத்து அனுப்பினீர்கள். அதனால் இதை எழுத முடியவில்லை.

நான் உங்களுக்கு எழுதிய விதிகள் மேசையில் இருந்த ஒரு தாளில் பார்த்தவை. அவரவர் டொக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று அதன் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதை விட்டுவிட்டேன். என் சொல்லே போதும் என்று காட்டிக்கொள்ள ஆசை.

நேற்று இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. வாளியை வாசலில் வைத்துவிட்டு ஆய்வு நடத்தும் டொக்டரின் அறைக்குள் போனேன். இரண்டு வருடத்தில் அவரோடு காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. பீப்பாவையும் குளிசை நிறுத்தியதையும் சொல்லி, ஏழு, ஐந்து, மூன்று என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் திகதிகளையும் எழுதிக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் இதை அளந்தது?" என்றார். அக்கா என்றேன். "இதைவிடத் தெளிவாக என் இயந்திரம் சொல்லியிருக்காது. ஒரே இடத்தில் நிற்கிற நோவுக்குத்தான் காத்திருக்கலாம். இது நகர்கிறது. குளிசையைச் சட்டென்று நிறுத்தியதால் நகர்கிறது. இப்போதே தொடங்கச் சொல்."

தந்தி கொடுத்துவிட்டேன். அது உங்கள் கைக்கு எப்படி வரும் என்று தெரியாது. கடலைத் தாண்டும். ஆற்றைத் தாண்டுமா?

புஸ்பம்


காத்தான்குடி
05.07.1997

தங்கச்சி புஸ்பத்துக்கு,

முதலில் இதை வாசியுங்கள்: அவள் இருக்கிறாள்.

தந்தி முப்பதாம் திகதி வந்தது. அன்றைக்கு ஆற்றில் வள்ளம் ஓட விடவில்லை. ஆற்றுக்கு அப்பால் உங்கள் படுவான்கரைக்கு நான் போகவும் முடியாது. தொண்ணூறில் பள்ளிவாசலில் நடந்த கொலைகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் நாங்கள் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. மூன்று நாள் காலையில் துறைக்குப் போய் நின்றேன். மூன்றாம் நாள் மீன்பிடிக்கத் தோணிகளை விட்டார்கள். உங்கள் ஊர்ச் சீனித்தம்பி அண்ணனைக் கண்டேன். கடதாசி கொண்டுபோனால் கேள்வி வரும், வாயால் சொல்லுங்கள் என்றார். மூன்றுமுறை சொல்ல வைத்தேன்.

மறுநாள் வந்து சொன்னார். அவர் பேசியபடியே எழுதுகிறேன். "நான் போகக்குள்ள ரீச்சர் பள்ளிக்கூடத்தில. 'லண்டன் சொல்லிட்டு, குளிசையப் போடட்டாம்' எண்டன். 'பொறுங்க அண்ணன், நாளைக்குப் பாஸ்' எண்டாங்க. 'பாசும் மண்ணாங்கட்டியும். நீங்க போடுமட்டும் நான் இந்த வாசல விட்டு எழும்பமாட்டன். மீன் நாறினா எனக்கென்ன, உங்கட வகுப்புக்குத்தான் நாத்தம்' எண்டன்." பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அவளும் சிரித்துக்கொண்டு போட்டாளாம்.

துஆச் செய்கிறேன்.

றபீக்கா


பழுகாமம்
07.09.1997

என் தங்கச்சி புஸ்பத்துக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இந்தமுறை இது வெறும் வழக்கத்துக்கு எழுதுவதில்லை.

ஜூலைக் கடைசியில் ஐந்தாம் பீப்பா. ஓகஸ்டில் மறுபடி ஏழு. இந்த இலக்கத்தைக் கண்டு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குச் சொல்ல முடியாது. ஓகஸ்ட் 19ஆம் திகதி பாதை திறந்திருந்தது. போனேன். அங்கே அறை எடுத்து இருந்து, அவர்கள் சொன்ன பிறகுதான், சரியாக இரண்டு நாள் குளிசையை நிறுத்தினேன்.

நீ எழுதியதெல்லாம் நடந்தது. பட்டி, ஊசி, கண். ஒன்றை நீ எழுதவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். பிடிபட்ட ஆள் போல. முதலில் அதுதான் நினைவு வந்தது. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.

நாற்பத்தேழு வருடம் என்னோடு இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு வளையம். கீழ்ப்பக்கத்தில் ஒரு துண்டு இருட்டு.

வாங்கில் நாலு மணி நேரம் இருந்தேன். உன் அத்தானை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மறுபடி படுத்தேன். மறுபடி காட்டினார்கள். இருட்டு இருந்த இடம் நிரம்பியிருந்தது. "உயிரோடதான் இருக்கு அம்மா" என்றார் படம் எடுத்தவர். அவர் தசையைச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துவிட்டார்.

சின்ன இடம்தானாம். குளிசையோடு இருக்கலாம். பீப்பா குறைந்தால் குழாய்.

திரும்பி வரும்போது நம்முடைய கொட்டிலில் படத்தாளைப் பிடித்துவிட்டார்கள். வட்டத்துக்குள் வட்டமாக, நிறம் நிறமாக இருந்தது. "மேப் எக? கேம்ப் எகத?" என்று ஒரே கேள்வி. எந்த முகாமின் வரைபடம் என்று கேட்கிறார்கள். "முகாமில்ல, இது என்ட நெஞ்சு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அன்றைக்குக் கதிரை கொண்டுவந்தவர்தான் வாங்கிப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவர் தன்னுடைய சட்டைப் பைக்கு மேல் கையை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தாளை மடியாமல் திருப்பித் தந்தார்.

இனி உன் கடிதம். நீ நிலம் துடைக்கிறாய் என்று உன்னுடைய ஜனவரிக் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு, விளக்கு அணைந்த அறைக்குள் டொக்டர் போகமாட்டார். படம் எடுக்கிறவரும் போகமாட்டார். நம்முடைய பள்ளிக்கூடத்திலும் முதலில் கதவைத் திறக்கிறவர் கூட்டுகிறவர்தான்.

பிறகு ஏன் நீ சொன்னதைச் செய்தேன் என்று கேட்பாய். நீ கண்டதைத்தான் எழுதினாய். உன்னைத் தவிர ஒருவரும் எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை. சின்ன எழுத்தை விட்டது உன் பிழைதான். அதை நீ சுமந்துகொள். ஆனால் ஆறு வாரப் பிழையை முழுதாக உன் தலையில் போடாதே. அந்தத் தாளை எழுதினவர்களுக்குப் பாஸ் என்றால் என்னவென்று தெரியாது. நாளைக்கு என்று சொன்னால் அவர்களுக்கு நாளைக்கு.

படத்தை உனக்கே அனுப்புகிறேன். என்னிடம் இருந்து என்ன. பார்க்கத் தெரிந்தவள் நீ.

ஏழு.

அக்கா


லண்டன்
28.09.1997

அக்கா,

நான் சுகம். நீங்கள் சுகமென்று இந்தமுறை கண்ணால் கண்டேன்.

உறை வெள்ளிக்கிழமை வந்தது. பிரித்து ஒட்டியிருந்தது. படம் மடியாமல் இருந்தது.

இன்று காலை ஐந்து மணிக்கு ஒளிப்பெட்டியைப் போட்டு அதில் வைத்தேன். அறையில் வேறு விளக்கு இல்லை. நான் ஒன்பது வயதில் ஆற்றுக்குள் விழுந்தபோது என்னைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கரை வரை ஓடினீர்கள். அப்போது காதில் கேட்டது இதுதான். இதற்கு உருவம் இருந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டொக்டர் நேரத்தோடு வந்துவிட்டார். "யாருடையது?" என்றார். "பீப்பாக்காரியுடையது" என்றேன். அவரும் பக்கத்தில் வந்து நின்றார். கீழ்ப்பக்கத்தை ஒருமுறை, நிரம்பிய இடத்தை ஒருமுறை விரலால் சுற்றிக் காட்டினார். பிறகு உங்கள் வாய்க்கால் கேள்வியைச் சொன்னேன். யாருடைய வயல் விளைந்தது. அவர் சிரிக்கவில்லை. "அதுதான் கேள்வி. இன்னும் தெரியாது" என்றார். நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. நாலரை வருடம் என்றார்.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். சின்ன எழுத்தில் இருந்தது இப்போது முதலாவது வரி. கடைசியில் ஒரு வரி புதிது: உங்கள் திகதி தள்ளிப்போனால், எந்தக் காரணத்துக்காக என்றாலும், காத்திருக்காமல் எங்களிடம் கேளுங்கள், குளிசையில்லாமல் இருக்க வேண்டாம்.

அந்த வரிக்கு நீங்கள்தான் காரணம் என்று இங்கே இரண்டு பேருக்குத் தெரியும்.

குளிசையைப் போடுங்கள். இலக்கத்தை எழுதுங்கள். றபீக்கா ரீச்சருக்கு என் அன்பு. சீனித்தம்பி அண்ணனுக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டு எழுதுங்கள்.

புஸ்பம்

இதை எழுதி முடித்து மடித்துப் பைக்குள் வைத்தேன், மறுபடி விரித்து இதையும் எழுதுகிறேன். பழைய தாள்களை எடுத்துவிட்டு, புதியவற்றை மேசையில் அடுக்கினேன். பிறகு நிலத்தைத் துடைத்தேன்.